பச்சை பூத்த ஒயர்

1

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதிக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆறாம் பகுதிக்குள் வந்தால் சொல்கிறேன். வராவிட்டால் நீங்கள் என்னை என்ன செய்துவிடப் போகிறீர்கள்?

ஒரு கார் மெக்கானிக்கைப் பற்றிக் கதை எழுத எனக்கு ஆசை வந்தது. அதுதான் தொடக்கம். என் பெயர் சிவப்பிரகாஷ். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். கப்பல் வந்தால் அதற்கு வேண்டிய காகிதம், குடிதண்ணீர், காய்கறி, இறங்கி ஊருக்குப் போகிற மாலுமிக்கு ஏர்போர்ட் வரைக்கும் கார், எல்லாம் எங்கள் பாடு. மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. இரண்டையும் முழுசாகப் படித்த ஒரே ஆள் என் மனைவி இசக்கிசெல்வி. அவளும் எழுத்துப்பிழை பார்க்கத்தான் படித்தாள்.

இன்றைக்கு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. லேப்டாப்பில் இரண்டு பக்கம் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்று இந்தக் கதை. இன்னொன்று ஒரு மெயில். பைபாஸில் புதிதாக ஒரு சர்வீஸ் சென்டர் திறக்கிறார்கள். எலக்ட்ரிக்கல் வேலைக்கு எஸ்றா என்று ஒருவர் மனுப் போட்டிருக்கிறார், முன்பு உங்கள் வண்டிகளைப் பார்த்தவராமே, ஆள் எப்படி என்று எங்கள் முதலாளியிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். முதலாளி அதை என் தலையில் கட்டிவிட்டார். அன்றைக்கு அவனைப் பற்றிச் சொன்னது நீதானே, நீயே ஒரு வரி எழுதிப் போட்டுவிடு, எனக்கு ஒரு நகல் அனுப்பு என்றார். திங்கட்கிழமை காலைக்குள் போக வேண்டும். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எஸ்றாவுக்கு வேலை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணப் போகிறார்கள்.

அந்த ஒரு வரியை எழுதாமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். [இதைக் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும். முதல் பகுதியிலேயே கொட்டிவிட்டேன். கிடக்கட்டும்.]

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

"மன்னார் வளைகுடாவின் உப்புக்காற்று முத்தையாபுரத்தின் தகரக் கூரைகளைத் தின்றுகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், எஸ்றா என்னும் எளிய மனிதன் தன்"

நிறுத்திவிட்டேன். எளிய மனிதனாம்! எழுத்தாளனுக்குத் தன்னைவிடக் குறைவாகப் படித்தவன் எல்லாம் எளிய மனிதன்தான். எஸ்றா நாசரேத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் முதல் மார்க். அவருடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எஸ்றாவிடம் பத்து நிமிஷம் பேசினால் எளிமையெல்லாம் ஓடிப்போய்விடும். எனக்கு ஒன்று தெரியாவிட்டால், உங்களுக்குத் தெரியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுகிற ஆள்.

இரண்டாவது தொடக்கம்: "அவர் கைகளில் படிந்திருந்த கிரீஸ் கறை, வாழ்நாள் முழுவதும் அவர்"

இதுவும் பொய். எஸ்றா வேலை பார்க்கும்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான் போடுவார். அரை மணிக்கு ஒருதரம் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கையில் அழுக்கு இருந்தால் ஒயருக்குள்ளே என்ன இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. அவர் கையில் ஒருநாளும் கிரீஸ் பார்த்ததில்லை நான். பிறகு பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: "போன வருஷம் பிப்ரவரியில் ஆபீஸ் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது."

இதுவே போதும்.

3

போன வருஷம் பிப்ரவரியில் ஆபீஸ் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. கார் ஆபீஸுடையது என்றாலும் சாயங்காலம் நான்தான் வீட்டுக்கு எடுத்துப் போவேன். மாலுமிகளை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு என்பதால் முதலாளி கொடுத்த சலுகை. என் வீடு முத்தையாபுரத்தில், உப்பளத்தைப் பார்த்தாற்போல. எஸ்றாவின் ஒர்க் ஷாப் நாலு தெரு தள்ளி. எங்கள் கம்பெனியின் ஏழு வண்டியையும் ஆறு வருஷமாக அவர்தான் பார்த்துவந்தார். காரைக் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டுக் கிளம்பாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கதைக்கு ஆள் சிக்கிவிட்டது என்று சந்தோஷம்.

கோளாறு எங்கே என்று காட்டுகிற ஸ்கேனரை அவர் காரில் செருகினார். வால்வு கன்ட்ரோல் சொலினாய்டு சர்க்யூட்டில் கோளாறு என்று வந்தது. எஞ்சினுக்குள் காற்றை விடுகிற வால்வு எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்பதை, எண்ணெயை விட்டும் பிடித்தும் முன்னே பின்னே நகர்த்துகிற ஒரு சின்ன பார்ட் அது. உள்ளே செம்புக் கம்பிச் சுருள். வெளியே இரண்டு ஒயர். வேறு இடமென்றால் அந்த நிமிஷமே கடைக்குப் போன் போட்டுப் புதுச் சொலினாய்டு வாங்கி மாட்டிவிடுவார்கள். எஸ்றா மாட்டவில்லை.

"ஸ்கேனரு தெருப்பேரத்தான் சொல்லும் அண்ணாச்சி. வீட்டு நம்பர நாமதான் தேடணும்" என்றார்.

தேடினார். கனெக்டரைக் கழற்றிச் சொலினாய்டில் மீட்டரை வைத்தார். நல்ல சுருள் என்றால் ஏழெட்டு ஓம் காட்டுமாம். இது ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே அறுந்திருந்தது. அதற்குப் பிறகும் மனுஷன் நம்பவில்லை. ஒயரும் நன்றாக இருக்கிறதா என்று கனெக்டரில் ஒரு சின்ன பல்பை மாட்டி எரியவிட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. அப்புறம்தான் கம்பெனி பார்ட் வரவழைத்துப் போட்டார். கழற்றிய பழைய பார்ட்டையும், புதுசு வந்த அட்டைப்பெட்டியையும் என் கையில் கொடுத்தார். யார் வண்டியாக இருந்தாலும் அது அவர் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மற்ற எலக்ட்ரீஷியன்கள் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க, டெஸ்ட் லேம்ப்பின் ஊசிமுனையால் ஒயரின் தோலில் ஒரு குத்து குத்துவார்கள். இரண்டு நொடி வேலை. எஸ்றா குத்தவே மாட்டார். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றித்தான் பார்ப்பார். கேட்டேன். கோயம்புத்தூரில் குத்தலாம், ஒன்றும் ஆகாது, இந்த உப்புக்காட்டில் குத்தினால் அந்த ஓட்டை வழியாக உப்புத்தண்ணி உள்ளே இறங்கி, ஆறேழு மாசத்தில் கம்பி பச்சை பூத்துப் பொடியாகிவிடும் என்றார். உப்பு லாரி ஒழுகிக்கொண்டே போகிற ரோட்டில் ஓடுகிற வண்டிகள் இவை என்றார்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். அடியில் கோடும் போட்டேன்.*

* கோடு இப்போதும் இருக்கிறது. சிவப்பு மை.

4

இந்த இடத்தில் எனக்கு எஸ்றாமேல் சந்தேகம் வந்தது. ஆளை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ? கதையில் இவ்வளவு சுத்தமான ஆள் நடமாடினால் வாசகருக்கு அலுத்துவிடும். அதனால் அவருடைய குறைகளையும் எழுதி வைத்தேன். முன்கோபம். சொன்ன தேதிக்கு வண்டி தரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் உண்டு, வீடு உண்டு. முதலாளியே கூப்பிட்டாலும் ஸ்பேனரைத் தொடமாட்டார். பார்ட் ஒரிஜினல்தானா என்று கேட்ட ஒரு வக்கீலின் காரைப் பாதி கழற்றிய நிலையிலேயே தெருவில் தள்ளி நிறுத்தியவர்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு இசக்கிசெல்வி, அவருக்கு எதற்குக் குறை தேடுகிறீர்கள் என்று கேட்டாள். கதைக்கு வேண்டியிருக்கிறது என்றேன். கதைக்கா, ஒங்களுக்கா என்றாள். எழுந்து போய்விட்டாள்.

சரி, நவம்பருக்கு வருவோம்.

ஒரு வியாழக்கிழமை. கப்பலில் சமையல் வேலை பார்க்கிற ஒரு பிலிப்பைன்ஸ்காரரை அவசரமாக ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவருடைய அம்மா இறந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் அடக்கம். வாகைக்குளம் ஏர்போர்ட்டில் அந்த பிளேனைப் பிடித்தால் சென்னை போய், அங்கிருந்து எப்படியும் சேர்ந்துவிடலாம் என்று நான்தான் டிக்கெட் போட்டேன். நான்தான் காரும் ஓட்டினேன். பைபாஸ் பாலத்தில் ஏறும்போது மஞ்சள் விளக்கு வந்தது. மிதித்தால் வண்டி முக்குகிறது, ஏறமாட்டேன் என்கிறது. ஏர்போர்ட் வழியில் இருக்கிற புதுக்கோட்டை என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் நின்றே போய்விட்டது. அவர் பின்சீட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். வேறு வண்டி வருவதற்குள் பிளேன் போய்விட்டது. மறுநாள்தான் அனுப்பினோம். அவர் வீட்டுக்குப் போனபோது மண்ணைப் போட்டு மூடி முடித்திருந்தார்களாம். கப்பல் கேப்டன் எழுதியிருந்தார்.

எங்கள் முதலாளி சிவசுப்பிரமணியன் கத்துகிற ஆள் இல்லை. ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைக் கொஞ்ச நேரம் சுற்றினார்.

"யாரு தப்புவே?" என்றார்.

"எஸ்றா போட்ட பார்ட்டு டூப்ளிகேட்டா இருக்குமோன்னு தோணுது, மொதலாளி."

தோணுது என்றுதான் சொன்னேன். எந்த வாக்கியத்திலும் தப்பித்துப் போக ஒரு வாசல் விட்டு எழுதுவது என் தொழில். முதலாளி அந்த வாசலைக் கவனிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஏழு வண்டியும் வேறு ஒர்க் ஷாப்புக்குப் போயின. ஷிப்பிங் ஏஜென்ட்டுகளின் வாட்ஸப் குரூப்பில் முதலாளி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அந்தச் சமையல்காரர் அம்மாவின் அடக்கத்துக்குப் போக முடியாத கதையும் அதில் வந்தது. அவ்வளவுதான், துறைமுகத்து வண்டி ஒன்றுகூட எஸ்றாவின் தெருவுக்குள் நுழையவில்லை. பொங்கலுக்கு முன்னால் ஷட்டரை இறக்கிவிட்டு, ஒரு உப்புக் கம்பெனியின் லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். லாரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடிக்கிற வேலை.

ஆக, அவர் கையில் கிரீஸ் வந்துவிட்டது. என்னுடைய இரண்டாவது தொடக்கம் இப்போது பொய் இல்லை.

5

ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் ஒருநாள் எஸ்றா என் வீட்டுக்கு வந்தார். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து நேராக, அதே வெள்ளைச் சட்டையில், சட்டைப்பையில் அந்தச் சின்ன பல்போடு. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் தொடாத ஆள் வந்து நிற்கிறார்.

காரில் விளக்கு மறுபடி எரிகிறதாமே, பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். உண்மைதான். புது ஒர்க் ஷாப்காரர் ஸ்கேனரைச் செருகி, அதே கோளாறின் பேர் வந்ததும் புதுச் சொலினாய்டு மாட்டியிருந்தார். மூன்றாம் நாள் விளக்கு திரும்பி வந்துவிட்டது. எஸ்றா போட்டிருந்த பார்ட் டிக்கியில் உருண்டுகொண்டிருந்தது.

என்னிடம் மீட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இசக்கிசெல்வி உள்ளேபோய் மீட்டர் பையை எடுத்து வந்தாள்.

முதலில் தன்னுடைய பார்ட்டை அளந்தார். ஏழு ஓம் சொச்சம். புதுசையும் அளந்தார். அதுவும் அவ்வளவே. இரண்டிலும் குற்றமில்லை. பிறகு கனெக்டரில் கரண்ட்டைப் பார்த்தார். மீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நான் அவசரமாகச் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்த பல்பை எடுத்து அதே இடத்தில் மாட்டினார். எரியவில்லை. உள்ளே கம்பி மட்டும் மினுக்கென்று சிவந்து அணைந்தது.

மீட்டருக்குக் காட்டுவதற்கு ஒரு நூல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதுமாம். பல்பை எரிக்க முழுக் கம்பியும் வேண்டும். அப்படியென்றால் ஒயருக்குள்ளே எங்கேயோ தின்றிருக்கிறது என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி விரல் நின்றது. டேப்பைப் பிரித்தார். அந்த இடத்தில் ஒயரின் தோல் உப்பியிருந்தது. வெட்டினார். செம்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து பச்சைப் பொடி உதிர்ந்தது. அவர் தோலை மட்டும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நடுவில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை.

"இத யாரு அண்ணாச்சி குத்துனது?"

நான்

நான் அப்போது

[இந்த வாக்கியத்தைப் பதினோரு தடவை தொடங்கியாயிற்று.]

நான் எனக்குத் தெரியாது என்றேன். புது ஒர்க் ஷாப்காரனாக இருக்கும் என்றேன். மூன்று வாரத்தில் கம்பி இந்த அளவு பச்சை பூக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஒர்க் ஷாப்புக்கு நடந்து போய்ச் சால்டரிங் அயனையும் ஸ்கேனரையும் எடுத்து வந்தார். கெட்ட துண்டை வெட்டிவிட்டுப் புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுச் சூட்டில் சுருக்கினார். விளக்கு அணைந்தது. இந்த மார்ச் வரைக்கும் எரியவில்லை.

வெட்டிய துண்டை சர்ச் நோட்டீஸில் மடித்து என் கையில் கொடுத்தார்.

"மொதலாளிட்ட இதக் காட்டிருங்க. எம் பார்ட்டுல தப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும். ஒருத்தன் ஆத்தா மொகத்தப் பாக்க முடியாமப் போனதுக்கு எம்பேரு நிக்கக்கூடாது அண்ணாச்சி."

சரி என்றேன். அந்த மடிப்பு என் மேஜை டிராயரில், பேனாக்களோடு கிடக்கிறது.

6

தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இசக்கிசெல்வி இப்போது காப்பி கொண்டுவந்தாள். நின்ற வாக்கிலேயே ஐந்தாம் பகுதி வரைக்கும் படித்தாள்.

"ஊக்க எங்க காணோம்?" என்றாள்.

எழுதப்போகிறேன் என்றேன். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் எஸ்றா சொலினாய்டு மாட்டிக் கொடுத்து இரண்டு நாள் இருக்கும். அவர் மீட்டர் வைத்துத் தேடுகிற காட்சியை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. கட்டுரை மாதிரி வந்தது. அந்தக் கைக்கு என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே எழுத முடியும்? ஆன்லைனில் ஒரு மீட்டர் வாங்கினேன். பானட்டைத் திறந்தேன். கனெக்டரைக் கழற்றப் பார்த்தேன், அதன் பூட்டு அசையவில்லை, உடைந்துவிடுமோ என்று பயம். போனில் ஒரு வெளிநாட்டுக்காரன் ஒயரில் ஊசியைக் குத்தி அதில் மீட்டரை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். இசக்கிசெல்வியைக் கூப்பிட்டு ஒரு ஊக்குக் கேட்டேன். சேலையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள்.

குத்தினேன். பன்னிரண்டரை காட்டியது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உள்ளே ஓடிப்போய் ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி: "தோல் லேசாக எதிர்த்து, பிறகு விட்டுக்கொடுத்தது, உள்ளே உயிர் இருந்தது." நல்ல வரிதான். இத்தனை வருஷத்தில் நான் எழுதிய நல்ல வரி அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். அதே நோட்டில் இரண்டு பக்கம் முன்னால், உப்புக்காட்டில் குத்தக்கூடாது என்று நானே எழுதி நானே கோடு போட்ட வரியும் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. ஒரு குத்துதானே, ஒரு தடவைதானே என்று நினைத்தேன்.

எஸ்றாவைப் பற்றிய கதைக்காக விழுந்த ஓட்டை அது. அந்த ஓட்டைதான் புதுக்கோட்டை தாண்டி காரை நிறுத்தியது. ஒரு சமையல்காரரை அவர் அம்மா முகத்தைப் பார்க்கவிடாமல் செய்ததும் அதுதான். முதலாளி யார் தப்பு என்று கேட்டபோது எனக்கு விஷயம் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பாலத்தில் விளக்கு எரிந்தபோதே எனக்கு அந்த ஊக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இன்னும் ஒன்று. ஐந்தாம் பகுதியில் ஒரு இடத்தை அமுக்கிவிட்டேன். இசக்கிசெல்வி மீட்டர் பையைக் கொண்டுவந்தாள் என்று எழுதினேன் அல்லவா? எஸ்றா பையைத் திறந்து மீட்டரை எடுத்தபோது, சிவப்பு ஒயர் நுனியில் அந்த ஊக்கு அப்படியே மாட்டியிருந்தது. அவர் அதைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஊக்கின் வாயை மூடி, காம்பவுண்டுச் சுவர்மேல் பத்திரமாக வைத்தார். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் அளந்தார், தேடினார், வெட்டினார். யார் குத்தியது என்று என்னைக் கேட்டதும் அதற்குப் பிறகுதான்.

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். நானாகச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார். வக்கீலின் காரைத் தெருவில் தள்ளிய மனுஷன், என்னை என் வீட்டு வாசலில் வைத்து ஒரு வார்த்தை திட்டாமல் போனார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் அவர்மேல் கோபம்தான் வருகிறது. திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

7

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

ஒயரை எலி கடித்துவிட்டது என்று வைக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எலி ஊசி முனை அளவுக்கு ஓட்டை போடாது, எஸ்றா படித்தால் சிரிப்பார்.

இருபத்து மூன்றாம் வருஷத்து டிசம்பர் வெள்ளத்தின்மேல் போடலாம். இது அருமையான முடிவு. இந்த ஊரில் எது கெட்டாலும் வெள்ளத்தில் கெட்டது என்று சொன்னால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. முதலாளிக்கும் வெள்ளத்தில் குடோன் முங்கியது, உடனே நம்புவார். ஆனால் வெள்ளம் வடிந்து வெகு நாளைக்குப் பிறகு, மூன்றாம் பகுதியில், எஸ்றாவின் பல்பு பளிச்சென்று எரிந்ததே? அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தும் விட்டேன். இசக்கிசெல்வி திரும்ப எழுதவைத்தாள்.

நான் லாரி ஷெட்டுக்குப் போகிறேன். உப்பு அம்பாரங்கள்மேல் சாயங்கால வெயில். எஸ்றா லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வருகிறார். நான் அந்தக் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். விடுங்க அண்ணாச்சி என்கிறார். இந்த முடிவை இரண்டு பக்கம் எழுதினேன். நிஜமாகவே கண்ணீர் வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பக்கம் மெயில் காலியாகவே கிடக்கிறது. இரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டேன்.

உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். வேலை போகாது. ரிட்டையர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, முதலாளி அந்த அளவுக்குப் போகிறவர் இல்லை. கார் சாவியை வாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் போய் வருவேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீயாவே?" என்று ஒரு தடவை கேட்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்கப் பயந்துதான் ஒரு மனுஷனை லாரிக்கு அடியில் படுக்கவைத்திருக்கிறேன். கேவலமாக இருக்கிறது. எழுதும்போதே கேவலமாக இருக்கிறது.

8

மெயிலில் எழுதிப் பார்த்தவை:

"திரு. எஸ்றா அவர்கள் எங்கள் வாகனங்களை ஆறு ஆண்டுகள் நல்ல முறையில்"

இதோடு நிறுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நகல் முதலாளிக்குப் போகும். படித்துவிட்டு, அப்போ யார் தப்பு என்று மறுபடியும் கேட்பார்.

"அவர்மீது எழுந்த புகார் ஒரு தவறான புரிதலின்"

புரிதலாம்! யாருடைய புரிதல்?

"அவர் போட்ட பார்ட்டில் எந்தக் குறையும் இல்லை. அதன் அட்டைப்பெட்டி என்னிடம் இருக்கிறது. ஒயரில் ஊக்கைக் குத்தி ஓட்டை போட்டது"

இங்கேதான் நிற்கிறது. இதற்கு அடுத்த சொல் இரண்டே எழுத்து.

மணி ஆறாகப் போகிறது. இந்தப் பக்கம் எனக்குச் சொற்கள் கொட்டுகின்றன. இத்தனையும் ஒரே உட்காரலில் எழுதினேன். இசக்கிசெல்வி கட்டிலிலிருந்து எழுந்தாள். டிராயரைத் திறந்து அந்தச் சர்ச் நோட்டீஸ் மடிப்பை எடுத்துக் கீபோர்டுமேல் வைத்தாள். சுவர்மேல் எஸ்றா வைத்துவிட்டுப் போன ஊக்கையும் இத்தனை நாள் அவள்தான் வைத்திருந்திருக்கிறாள். அதையும் பக்கத்தில் வைத்தாள்.

"கதைய அப்புறம் அனுப்பிக்கிடலாம். மொதல்ல அத அனுப்புங்க" என்றாள். வாசலுக்குப் போய்விட்டாள்.

நான் அனுப்பினேன் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், நானும் நம்பிவிடுவேன். அனுப்பவில்லை என்றும் எழுதமாட்டேன். எழுதினால் அதுவும் ஒரு நல்ல முடிவாகிவிடும்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை போய் எத்தனையோ மாசம் ஆகியிருக்கும். தூத்துக்குடிப் பக்கம் வந்தால் பைபாஸில் அந்தப் புது சர்வீஸ் சென்டருக்குள் நுழையுங்கள். எலக்ட்ரிக்கல் பார்க்கிற ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டையில், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே ஒருவர் வந்தால், கதை முடிந்துவிட்டது. உங்கள் வண்டியை நம்பி விட்டுவிட்டுப் போகலாம்.

வேறு யாராவது வந்தால், தயவுசெய்து இந்தக் கதை நன்றாக இருந்தது என்று மட்டும் எனக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள்.